எழுத்து விளையாட்டு உணர்த்தும் உண்மை

சொல்லை மறைத்து வைத்துக் கேட்போன் அறிவைச் சோதிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. விடுகதையைப் பிசி எனப் பெயரிட்டு, பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்பவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார் தொல்காப்பியர். பாட்டி பேரனுக்கு இடும் புதிருக்கும் இலக்கணத்தில் இடமுண்டு என்பது இதனாற் பெறப்படும்.

பிசி பொருளை மறைப்பது. சித்திரகவியோ எழுத்தையே கருவியாகக் கொள்வது. வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவியெழுந்த தண்டியலங்காரம், தன் சொல்லணியியலில் இவ்வகைகளைத் தொகுத்துரைக்கின்றது. முன்னும் பின்னும் ஒருபடித்தாய் வருவது மாலைமாற்று. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச்சொல் காண்பது எழுத்துவருத்தனம். குறைத்துக் குறைத்துக் காண்பது அக்கரச்சுதகம். அறுபத்துநான்கு அறைகளில் எழுத்துக்களை நிரப்பி எப்பக்கம் படிப்பினும் அதே செய்யுள் வரச் செய்வது சருப்பதோபத்திரம்.

இவை வெறும் இலக்கணப் பட்டியலாக நின்றுவிடவில்லை. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலும் பிற ஆலயங்களிலும் நாம் கேட்டு மகிழும் தேவாரத் தொகுதியிலேயே, ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் சீகாழிமேற் பாடிய மாலைமாற்றுப் பதிகம் அடங்கியுள்ளது. பதினோரு பாடல்களும் இறுதியிலிருந்து திருப்பிப் படிப்பினும் மாறாதவை. பதினேழாம் நூற்றாண்டிற் சிவப்பிரகாசர், இதழ் குவியாமலும் ஒட்டாமலும் ஒலிக்கத்தக்க எழுத்துக்களை மட்டுமே கொண்டு திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். ஈழநாடும் இத்துறையிற் பின்தங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டினரான நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளையந்தாதி, ஒரே எழுத்துத்தொடர் அடிதோறும் வேறு வேறு பொருள் தந்து மடங்கி வரும் யமகத்தால் ஆயது.

இக்கவிகளைக் கருத்தாழமற்ற சொற்சாலம் என இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் பலர் ஒதுக்கினர். உணர்ச்சியை அளவுகோலாகக் கொண்டால் அவர் கூற்றிற் பெரும்பகுதி உண்மையே. ஆயினும் இவற்றால் விளைந்த பயன் வேறொன்றுண்டு. எது ஓரெழுத்து என்னும் உணர்வைத் தலைமுறை தலைமுறையாகச் செவியிலும் நாவிலும் நிலைநிறுத்தியவை இவையே.

ஓர் எளிய புதிரால் இதனை விளக்குவாம். காலிமுகத்திடலில் மாலைதோறும் விற்கப்படும் பண்டம், மூன்றெழுத்து. நடுவெழுத்தை நீக்கினாற் கற்கப்படுவது. கடையெழுத்தை நீக்கினால் ‘தாண்டு’ என்னும் ஏவல். விடை ‘கடலை’. நடுவெழுத்து நீங்கின் ‘கலை’. கடையெழுத்து நீங்கின் ‘கட’. அச்சொல்லே இரண்டாம் வேற்றுமையேற்ற ‘கடல்’ ஆகவும் நின்று, எதிரே தோன்றும் நீர்ப்பரப்பையும் சுட்டும். ‘லை’ என்பது பிரிவுபடாத ஓரெழுத்து எனக் கொண்டாலன்றி இப்புதிர் நில்லாது.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஆர்தர் வின் என்பவர் நியூயோர்க் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர், 1930களில் ஆனந்த விகடன் வாயிலாகத் தமிழிற் பெருவழக்குற்றது. இந்த மேலைநாட்டு விளையாட்டு தமிழர் கைக்கு வந்ததும், கட்டம் ஒன்றுக்கு உயிர்மெய் ஒன்று என்பதே முறையாயிற்று. சருப்பதோபத்திரத்தின் அறைகளை நிரப்பிய பழம் புலவர் கொண்ட அலகும் அதுவே.

இக்காலக் கணினியோ இவ்வலகை வேறு வகையாகக் கொள்கின்றது. 1991இல் வெளியான யூனிக்கோட்டு முறையில் அகரமேறிய மெய்க்கு ஓரெண்ணும், பிற உயிர்களின் குறிகளுக்கு வேறெண்களும் அளிக்கப்பட்டன. ஆகவே அவ்வெண்களையே எழுத்தெனக் கொள்ளும் செயலி, ‘கடலை’யை நான்கெனக் கணக்கிடும், கடைசியை நீக்கச் சொன்னால் ‘கடல’ என்னும் பொருளற்ற உருவைத் தரும். ஐந்தெழுத்தாகிய ‘விகடகவி’யை ஏழெனக் கொண்டு திருப்பி, மாலைமாற்றையே சிதைத்துவிடும். எழுத்துக்கூட்டை ஓரலகாகக் கொள்ளும் விதியும் யூனிக்கோட்டில் உண்டு. அதனைக் கைக்கொள்ளாத செயலிகளே வழுவுகின்றன. தமிழ்நாட்டரசு 2010இல் யூனிக்கோட்டோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் வழங்கும் டேஸ் 16 என்னும் குறியீட்டையும் ஏற்றமை இங்கு நினையத்தக்கது.

எழுத்தைப் பற்றிய இம்முடிவு பொறியறிஞர்க்கு மட்டும் உரியதன்று. அகரவரிசை அமைத்தல், சொற்றேடல், பிழைதிருத்தல் ஆகிய யாவும் எழுத்து யாது என்னும் வினாவின்மேலேயே நிற்கின்றன. அவ்வினாவுக்கு விடையறிந்தோர் செயலி இயற்றுவோராகவும் வருதல் வேண்டும். அதற்குரிய பயிற்சியை 1942இல் தோன்றி வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற மன்றங்களும், நம் கல்லூரித் தமிழ் மன்றங்களும் எளிதில் அளிக்கலாம். திங்களுக்கொரு மாலைமாற்றும் ஓர் அக்கரச்சுதகமும் மாணவர் தாமே இயற்றி, ஒருவரையொருவர் வினவிப் பழகுவாராயின், பழம் புலவர் ஓலையிற் காத்த எழுத்துணர்வு கணினித் திரையிலும் பிழைத்து நிற்கும்.