56 வருஷம் ஒரே கோச், அப்புறம் வரிசையா பல பேர்: கிராம்ப்ளிங் கதை

இந்த எபிசோடுல அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துக்குப் போறோம். அந்த மாநிலத்தோட வடக்குப் பக்கம் கிராம்ப்ளிங்னு ஒரு குட்டி ஊர். அங்க 1901-ல் கறுப்பின மக்களுக்காக ஆரம்பிச்ச ஒரு பள்ளிக்கூடம்தான் இன்னைக்கு கிராம்ப்ளிங் ஸ்டேட் யுனிவர்சிட்டி. ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். இங்க ஃபுட்பால்னா மெஸ்ஸி ஆடுறது இல்ல. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறாங்களே, அது.

1941-ல் அந்தக் காலேஜுக்கு ஒரு கோச் தேவைப்பட்டுச்சு. வந்தவர் எடி ராபின்சன், வயசு 22. அதுவரைக்கும் பேட்டன் ரூஜ் நகரத்துல ஒரு தீவன மில்லுல மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர். முதல் சீசன்ல 3 ஜெயிச்சு 5 தோத்தாங்க. அடுத்த வருஷம் 9 மேட்ச், ஒன்பதுமே வெற்றி. அதைவிடப் பெரிய விஷயம், அந்த சீசன் முழுக்க எந்த டீமாலயும் இவங்களுக்கு எதிரா ஒரு பாயின்ட் கூட எடுக்க முடியல.

ஹெட் கோச்னு பேர்தான். மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுறது, பசங்க கணுக்கால்ல டேப் சுத்திவிடுறது, மேட்ச் முடிஞ்சதும் பேப்பருக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்புறது, எல்லாமே அவர்தான். வெளியூர் போகும்போது சாண்ட்விச் கட்டி எடுத்துட்டுப் போவார். காரணம் சிக்கனம் மட்டும் இல்ல. அது இனப் பிரிவினை சட்டமாவே இருந்த காலம். வழியில இருந்த பல ஹோட்டல்கள்ல கறுப்பினப் பசங்களுக்குச் சாப்பாடு போட மாட்டாங்க.

காசு இல்லாத ஒரு காலேஜ், தன்னால வாங்க முடியாத அத்தனையையும் ஒரே மனுஷனோட உழைப்பால ஈடுகட்டிக்கிச்சு. என்னைக் கேட்டா கிராம்ப்ளிங் கோச்சுகளோட மொத்த வரலாறும் இதுக்குள்ளதான் இருக்கு.

பலன் சீக்கிரமே தெரிஞ்சது. 1949-ல் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் டீம்ல சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியில இருந்து என்.எஃப்.எல்.-க்குப் போன முதல் ஆள் அவர்தான். அதுக்கப்புறம் ராபின்சன்கிட்ட ஆடின 200 பேருக்கு மேல ப்ரொஃபஷனல் ஃபுட்பாலுக்குப் போனாங்க. அதுல டக் வில்லியம்ஸை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார். ஆட்டத்தோட மூளை குவார்ட்டர்பேக். அந்த இடத்துக்குக் கறுப்பினத்தவர் சரிப்பட மாட்டாங்கன்னு ரொம்ப நாளா ஒரு நினைப்பு இருந்துச்சு. 1988 ஜனவரியில வாஷிங்டன் டீமுக்காக ஆடின வில்லியம்ஸ், சூப்பர் பவுல்ல ஒரே குவார்ட்டர்ல 4 டச்டவுன் பாஸ் போட்டு அந்தப் பேச்சை முடிச்சு வெச்சார்.

ஆனா இங்க ஒரு முரண் இருக்கு. இவ்ளோ திறமையான பசங்க இந்தக் குட்டி ஊருக்கு ஏன் வந்தாங்க? தெற்குல இருந்த பெரிய யுனிவர்சிட்டிகள் அவங்களுக்குக் கதவைத் திறக்கல, அதனாலதான். 1970-கள்ல அந்தக் கதவு திறந்ததும், பெரிய ஸ்டேடியமும் டிவி வெளிச்சமும் இருந்த இடங்களுக்குப் பசங்க போக ஆரம்பிச்சாங்க. போகத்தானே செய்வாங்க? ராபின்சன் வாழ்க்கை முழுக்க எந்த மாற்றத்துக்காக உழைச்சாரோ, அதுவே அவர் டீமை மெல்லக் கரைச்சது.

1985-ல் 324-வது வெற்றியோட, அலபாமாவோட புகழ்பெற்ற கோச் பேர் பிரையன்ட்டை அவர் தாண்டினார். 1995-ல் 400. ஆனா கடைசி மூணு சீசன்லயும் தோல்விதான் அதிகம். 1996 முடிவுல அவரை அனுப்பிடலாம்னு பேச்சு கிளம்ப, ஊரே கொந்தளிச்சதால இன்னும் ஒரே ஒரு வருஷம் கிடைச்சது. 1997-ல் 408 வெற்றிகளோட ஓய்வு பெற்றார்.

அடுத்து அந்த இடத்துக்கு வந்தது அதே டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002, மூணு வருஷமும் கான்ஃபரன்ஸ் சாம்பியன். 2004-ல் என்.எஃப்.எல். வேலைக்குப் போயிட்டார். மெல்வின் ஸ்பியர்ஸ் 2005-லயும், ராட் பிராட்வே 2008-லயும் பட்டம் வாங்கிக் கொடுத்தாங்க. வில்லியம்ஸ் 2011-ல் திரும்ப வந்து அந்த வருஷமே ஜெயிச்சார். அடுத்த சீசன்ல ஒரே ஒரு வெற்றி. 2013 செப்டம்பர்ல, ரெண்டு மேட்ச் தோத்ததும், காலேஜோட மிகப் பெரிய நட்சத்திரத்தை காலேஜே வேலையை விட்டு அனுப்பிடுச்சு.

தோல்வி மட்டும் காரணம்னு சொல்லிட முடியாது. சில வருஷங்களுக்குள்ள மாநில அரசு தர்ற நிதி பாதிக்கும் மேல குறைஞ்சிருந்தது. ஜிம்ல தரை பிஞ்சு கிடந்துச்சு. அதை மாத்த வில்லியம்ஸ் வெளியில பணம் திரட்டினது நிர்வாகத்தோட மோதல்ல போய் முடிஞ்சது. பழைய கோச் சாண்ட்விச் கட்டினப்போ அதைத் தியாகம்னு கொண்டாடினாங்க. புது கோச் தரை போட நினைச்சப்போ அது அதிகாரப் பிரச்சினை ஆயிடுச்சு.

அந்த அக்டோபர்ல டீம் இண்டியானாபோலிஸுக்குப் பல மணி நேரம் பஸ்ல போய் ஆடிட்டு வந்துச்சு. பூஞ்சை பிடிச்ச அறைகள், சரியா துவைக்காத யூனிஃபார்ம்னு பசங்க புகாரை எழுதியே கொடுத்தாங்க. அடுத்த வாரம் ஜாக்சன் ஸ்டேட்டோட மேட்ச். அவங்களோட ஹோம்கமிங், அதாவது பழைய மாணவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்து கொண்டாடுற நாள். கிராம்ப்ளிங் பசங்க பஸ்ல ஏறவே மாட்டோம்னுட்டாங்க. 1941-ல இருந்து எத்தனையோ கஷ்டத்துல ஆடின டீம், அந்தச் சனிக்கிழமை ஆடல. மேட்ச் ஜாக்சன் ஸ்டேட் கணக்குல சேர்ந்தது. திங்கட்கிழமை பசங்க பயிற்சிக்குத் திரும்பினாங்க.

2014-ல் வந்த பிராடரிக் ஃபாப்ஸ், ராபின்சன்கிட்டயே ஆடினவர். 2016-ல் டீமைச் சாம்பியன் ஆக்கினார். 2021-ல் அவரையும் அனுப்பிட்டாங்க.