பாதுஷாவும் நீலக் குஞ்சும்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு கிழவர் மீது பழி சுமத்தினேன். காரணம் என்னவென்று கேட்டால் வாசகர்கள் சிரிப்பார்கள்: ஒரு புறாக் குஞ்சின் நிறம்!

எங்கள் ஊர்ச் சந்தையில் புறா விற்ற அந்தக் கிழவரிடம், விசிறியாய் வாலை விரிக்கும் வெள்ளை ஆண் புறா ஒன்றும் கறுப்புப் பெட்டை ஒன்றும் வாங்கினேன். மொட்டை மாடியில் பழைய மரப்பெட்டியே கூண்டு. கம்பும் பச்சைப் பயறும் தீனி. பெட்டை இரண்டு முட்டை இட்டது. பகலில் பெரும்பொழுது ஆணும் இரவில் பெட்டையுமாக முறை வைத்து அடைகாத்தன. பதினெட்டாம் நாள் குஞ்சு பொரித்தது. புறா ஜாதியில் தகப்பனும் பால் கொடுப்பான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டும் தொண்டைப் பையிலிருந்து பால் போன்ற கூழைக் கக்கி ஊட்டின.

அந்தக் குஞ்சுகள் கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தன. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவை வளர்ந்து ஜோடி சேர்ந்து பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்கு இறகு முளைத்தபோது, கோபுரத்து மாடப்புறாவைப் போலச் சாம்பல் நீலமும், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டையுமாக வந்து நின்றது! "கோபுரத்துப் புறாவைக் கலந்து உன் தலையில் கட்டிவிட்டான்" என்று தெருவில் எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த சந்தையில் பத்துப் பேர் நடுவில் கிழவரைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டும் அசல் ஜாதி, தம்பி. நீலம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல்லே" என்றார். சொல்லிவிட்டுப் பாதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். நானும் வெற்றி வீரனாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

பல வருஷங்கள் கழித்து, ஒரு நாவலுக்காக மொகலாயர் சரித்திரத்தைப் புரட்டியபோது அங்கேயும் புறாக்கள் குறுக்கிட்டன.

1494-ஆம் ஆண்டு ஜூன் மாதம். பெர்கானா நாட்டில் ஆக்ஸிக் கோட்டை ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றது. அதன் அரசர் உமர் ஷேக் மிர்ஸா தம் புறாக் கூண்டில் இருந்தபோது மண் சரிந்தது. கூண்டும் புறாக்களும் அரசரும் பள்ளத்தில் போனார்கள். பட்டத்துக்கு வந்த மகனுக்கு வயது பதினொன்று. அந்தப் பையன்தான் பாபர். அந்த மண் அன்று சரியாதிருந்தால் டில்லியின் கதை எப்படிப் போயிருக்குமோ!

கூண்டினால் பாட்டனாரின் தகப்பனார் மாண்டதற்காக அக்பர் புறாக்களை வெறுத்துவிடவில்லை. சிறுவயதில் ஆசையாகப் புறா விட்டவர், வயது வந்ததும் நிறுத்தினார்; பிறகு யோசித்து மறுபடி ஆரம்பித்தார். அந்த விளையாட்டுக்கு அவர் வைத்த பெயர் 'இஷ்க்பாஜி', அதாவது காதல் விளையாட்டு. அரண்மனையில் இருபதினாயிரத்துக்கு மேல் புறாக்கள் இருந்தன என்றும், அவற்றில் 500 பொறுக்கியெடுத்த உயர்ந்த ரகம் என்றும் அபுல் பஸல் 'அயினி அக்பரி'யில் கணக்கு எழுதியிருக்கிறார். அரிசி, கடலைப் பருப்பு, பயறு, சோளம் என்று ஏழு தானியங்கள் கலந்த தீனி. ஈரானிலிருந்தும் தூரானிலிருந்தும் மன்னர்கள் அருமையான புறாக்களைக் காணிக்கை அனுப்பினார்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது மோஹனா என்ற நீலநிறப் புறா. பாதுஷாவின் பால்குடிச் சகோதரரான கான்-இ-ஆஜம் வளர்த்தது, பிறகு பாதுஷாவின் கைக்கு வந்து அரண்மனைப் புறாக்களுக்கெல்லாம் தலைமையாயிற்று. அஷ்கி, பரீஜாத், அல்மாஸ் என்று அதன் சந்ததிகளின் பெயர்கூட ஏட்டில் ஏறியிருக்கிறது. எத்தனையோ தளபதிகளுக்குக் கிட்டாத பாக்கியம்! ஒரு ஜாதியோடு இன்னொரு ஜாதியைச் சேர்த்து இனத்தை உயர்த்துவதில் பாதுஷா கைதேர்ந்தவராம். அவருக்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை என்கிறார் அபுல் பஸல். அரசவை எழுத்தாளர் அல்லவா, கொஞ்சம் தள்ளிப் படிக்க வேண்டும்.

இந்தச் செய்தியை இங்கிலாந்தில் ஒருவர் ஊன்றிப் படித்தார். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் அக்பரின் புறாக்களைக் குறிப்பிடும் சார்லஸ் டார்வின்தான் அவர். வெறும் ஏட்டுப் படிப்போடு அவர் நிற்கவில்லை. 1855 முதல் டவுன் கிராமத்தில் தம் வீட்டிலேயே பல ஜாதிப் புறாக்களை வளர்த்தார். லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் அங்கத்தினரானார். அந்த நூலின் கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒரு பத்திரிகாசிரியர், மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாராம்! பத்திரிகாசிரியர்களின் யோசனை எப்படியிருக்கும் என்பது எனக்குப் புதிதல்ல.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்கு அடுத்த இடத்தில். டார்வின் வெள்ளை விசிறிவால் புறாவையும் வேறொரு கறுப்பு ஜாதியையும் சேர்த்தார். குஞ்சுகள் திட்டுத் திட்டாக வந்தன. அவற்றைத் தமக்குள் சேர்த்தபோது, பேரக் குஞ்சுகளில் ஒன்று அழகான நீல நிறத்தில், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு பிறந்தது. உலகத்து வளர்ப்புப் புறாக்கள் அத்தனையும் நீல மாடப்புறா ஒன்றின் வம்சமே. மூதாதையின் சாயல் எத்தனை தலைமுறை தாண்டியும் எட்டிப் பார்க்கும் என்பது அவருடைய முடிவு.

எங்கள் மொட்டை மாடியில் பிறந்ததும் அதே பேரக் குஞ்சுதான். கிழவர் சொன்னது சத்தியம். அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாததை நாங்கள் தெரியும் என்று சொன்னோம்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது சந்தைப் பக்கம் நடந்தேன். புறாக்காரர்கள் உட்காரும் வரிசையில் பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கியிருந்தன. யாரிடமாவது விசாரிக்கலாமென்றால், கிழவரின் பெயர் என்ன என்று அந்த நாளில் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.