பெரட்டுக்குள் இருக்கும் பரேட்

விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, தொடங்கிவிடும். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் சனங்கள் உளியும் வாளியுமாகத் திடலில் நிற்க, தோட்டத்து எழுத்தரான கிராணி ஒவ்வொரு பெயராக வாசிப்பார். குரல் கொடுத்தவருக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழும். இருட்டோடு கிளம்பக் காரணம் மரத்தில் இருந்தது. வெயில் ஏற ஏற இலை நீரை இழக்கும். பட்டைக்குள் அழுத்தம் குறையும். பால் வடிவது மட்டுப்படும்.

அந்தப் பெரட்டுக்குள் இருப்பது 'பரேட்' என்பார்கள். படைவீரர் அணிவகுப்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதே சொல்தான், இதே பொருள்தான். லயத்துக்குள் 'லைன்' இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர் டிரசர். மரத்தில் எடுத்த பால் போய்ச் சேர்ந்த இடம் இஸ்டோர்.

இப்படி ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடுவது ஸ்கிராபிள் ஆட்டத்தை நினைவூட்டும். அதில் 7 எழுத்துக் கட்டைகள் முதலில் கைக்கு வரும். அவற்றில் மறைந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்தில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். அங்கே சொல் முதலில் காதில் விழுந்தது. அதற்கு எழுத்தைத் தேட வேண்டியிருந்தது.

தேடியது நாக்கு. 'ஸ்டோர்' தொடக்கத்திலேயே இடறியது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது. முன்னால் ஓர் இகரத்தை வைத்ததும் இஸ்டோர் ஆகிவிட்டது. 'பரேட்' முடிவில் இடறியது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. கடைசியில் ஓர் உகரம் சேர, பெரட்டு பிறந்தது. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள் தொல்காப்பியத்தைப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் வாய் அந்த விதிகளைப் பிசகாமல் காத்தது. மலாய்ச் சொற்களையும் இப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள்: ரப்பரைக் குறிக்கும் கெத்தா கித்தாவானது, கிண்ணத்தைக் குறிக்கும் மங்கோக் மங்கானது.

இந்த மண்ணில் ரப்பருக்கு முன்னால் காப்பி இருந்தது. காப்பி சரிந்து ரப்பர் எழுந்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் எனப்பட்ட மேஸ்திரிகள் ஆள் கட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த ஆள்சேர்ப்பு நீடித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அங்கே பாடம் தமிழில் நடந்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஆங்கிலப் பள்ளிக்கூடம் பட்டணத்தில் இருந்தது. சிரம்பானின் செயின்ட் பால் பள்ளி 1899இலேயே தொடங்கிவிட்டது. லயத்துப் பிள்ளைக்கு அந்தத் தூரம் மைல் கணக்கில் மட்டும் அளக்கக்கூடியதாக இருக்கவில்லை.

ஆங்கிலம் படித்திருந்தால் கிராணி வேலை கிடைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தது அதனால்தான். அவர்கள் பேனாவில் எதிர்த்திசைப் பயணம் ஒன்று நடந்தது: தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளுக்குள் போயின. லட்சுமி என்று பெற்றோர் வைத்த பெயர், காதில் விழுந்த லெச்சுமியாக, எல், இ, டி, சி, எச், யு, எம், ஒய் என்று ஏட்டில் ஏறியது. முனியாண்டியின் 'டி'க்கு டியும் ஒய்யும் போதுமென்று ஆயிற்று. பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே, மகன் என்பதற்கு எஸ், ஓ என்றோ மகள் என்பதற்கு டி, ஓ என்றோ இரண்டு எழுத்து. பின்னாளில் அதே இடத்தில் மலாய் வழக்கின் ஏ, எல் அல்லது ஏ, பி வந்தது.

பெயரைச் சுமந்தவரால் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது. சரியா தவறா என்று சொல்லவும் வழியில்லை. எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். மலேசியாவில் இன்றும் அடையாள அட்டைகளில் லெச்சுமிகளும் முனியாண்டிகளும் அதே எழுத்துக் கூட்டலோடு இருக்கிறார்கள். தாத்தாவின் தமிழ்ப் பெயரைப் பேரப்பிள்ளை அந்த எழுத்துகளைப் பிரித்துப் பார்த்துத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

தோட்டங்களின் பெயர்களும் அப்படிப்பட்ட புதிர்களே. பிராட்வால், கிர்பி, கெடஸ், ஆதர்டன் என்று நெகிரி செம்பிலான் வரைபடம் முழுக்க அயல் பெயர்கள். நீலாய் பக்கம் ஒரு கெய்ரோ தோட்டம். சிரம்பான் வட்டாரத்தில், ஷங்காய் நகரில் பங்கு திரட்டிய கம்பெனியின் பெயரால் ஷங்காய் சிரம்பான் தோட்டம். சீனத்துத் துறைமுகப் பணத்தில் வளர்ந்த மரத்துக்குத் தமிழர் உளி போட்டார்கள்.

பால்மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அந்த நிலங்களில் செம்பனை நிற்கிறது, வீடமைப்புகள் நிற்கின்றன. லயங்கள் இடிந்தன, பெரட்டுக்கு மணி அடிப்பதில்லை. பள்ளிக்கூடங்கள் மட்டும் தோட்டத்தின் பெயரை விடவில்லை. கெய்ரோ தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நோட்டுப் புத்தக அட்டையில் பள்ளியின் பெயரைத் தமிழில் எழுதுகிறது: கெ, ய், ரோ. அதற்கு மேலே, கிராணி அன்றைக்கு எழுதிய எழுத்துகளிலேயே, தகப்பன் வழி வந்த பெயர்.