‘கிராண்ட்ஃபாதர் இஸ் கம்’: ஆங்கில வினைக்குப் பின்னால் ஒரு வரலாறு

சென்ற தவணையில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் ஆங்கிலக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ‘கிராண்ட்ஃபாதர் இஸ் கம்’ என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்புக் கோடு. “தாத்தா வந்திருக்கிறார்னுதானே டீச்சர் சொல்றோம்? இருக்கிறார்னா ‘இஸ்’ தானே?” என்று கேட்டாள்.

கோடு சரிதான். இன்றைக்கு ‘ஹேஸ் கம்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவள் கேள்வியை நீங்கள் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் அவள் எழுதியது பிழையே இல்லை! வருவது, போவது போன்ற வினைகள் அன்று பெரும்பாலும் ‘இஸ்’ஸோடு சேர்ந்துதான் நிறைவைக் காட்டின. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘ஹி இஸ் கான்’ மட்டும் பழைய வீட்டின் தூண் மாதிரி இன்னும் நிற்கிறது.

சரி, இந்த ‘ஹேவ்’ எங்கிருந்து வந்தது? உடைமைப் பொருளிலிருந்து. ‘ஐ ஹேவ் த லெட்டர் ரிட்டன்’ என்றால், எழுதி முடித்த கடிதம் என்னிடம் இருக்கிறது என்று பொருள். பிறகு சொல் இடம் மாறி ‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்’ ஆனது. கையில் இருப்பது இப்போதைய நிலை. மாணவர்களே, இதை மனதில் வைத்தால் ஒரு பிழை குறையும். ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என்பது தமிழில் சரி. நனைந்த தரையைப் பார்த்துச் சொல்கிறோம். அதையே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் யெஸ்டர்டே’ என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘இட் ரெய்ன்ட்’ போதும்.

தொடர்வினையின் கதை இன்னும் சுவையானது. ‘ஹி இஸ் ஆன் ஹன்டிங்’, அதாவது வேட்டையில் இருக்கிறான், என்ற அமைப்பு அதன் வேர்களில் ஒன்று. ‘ஆன்’ தேய்ந்து ‘அ-ஹன்டிங்’ ஆகி, அந்த ‘அ’வும் பிறகு உதிர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீடு கட்டப்பட்டு வருகிறது என்பதற்கு ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். வீடே எதையோ கட்டுவது போல நமக்குக் கேட்கும்! ‘இஸ் பீயிங் பில்ட்’ அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. கவிஞர் ராபர்ட் சௌதி 1795இல் பல் பிடுங்கப்படுவதைப் பற்றிக் கடிதத்தில் எழுதியது இதற்குப் பெயர்பெற்ற சான்று. 1870இல்கூட ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் என்ற அமெரிக்கர் இந்தப் புது வடிவத்தைக் கடுமையாகச் சாடிப் புத்தகத்தில் எழுதினார். அவர் எதிர்த்ததைத்தான் நாம் இன்று செயப்பாட்டு வினைப் பயிற்சியில் கட்டாயமாகக் கேட்கிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த மாணவி, “அப்போ நான் லேட்டா பொறந்துட்டேன் டீச்சர்” என்றாள். பிறகு உட்கார்ந்து ‘ஹேஸ் கம்’ என்று திருத்தி எழுதினாள்.