தானுந்தின் காற்று வடிகட்டி

தானுந்தின் காற்று வடிகட்டி என்பது உள் எரி பொறிக்குள் செல்லும் காற்றிலிருந்து தூசியைப் பிரித்து நிறுத்தும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஏர் ஃபில்டர் எனப்படும். பெரும்பாலான கார்களில் இதனை உரிமையாளரே வீட்டில், ஒரு திருப்புளியின் துணையுடன், கால் மணி நேரத்தில் மாற்றிவிட இயலும்.

தேவை

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடையளவில் அதைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. வேலூரிலிருந்து ஆம்பூருக்குச் செல்லும் ஏறத்தாழ 50 கி.மீ. பயணத்தில் 3 லிட்டர் பெட்ரோல் செலவாகுமெனில், பொறி 27,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழிற்பகுதியில் இக்காற்று தூய்மையானதன்று. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணற்பரப்பாகவே கிடக்கிறது. சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் சரக்குந்துகள் ஓயாது செல்கின்றன. கிளைச்சாலைகள் பலவும் மண் சாலைகளே. மணல் தூசியில் உள்ள சிலிக்கா, பொறியின் உருளைகள் செய்யப்படும் வார்ப்பிரும்பை விடக் கடினமானது. அது உட்புகுந்தால் உருளைச் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போல் தேய்க்கும். தேய்மானம் மிகுந்தால் பொறி எண்ணெயும் சேர்ந்து எரிந்து, புகைபோக்கியில் நீலப் புகை வரும். அந்நிலையில் பொறியைப் பிரித்துச் சீரமைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அமைப்பு

தற்காலக் கார்களில் மடிப்பு மடிப்பாக அமைந்த காகிதம் அல்லது செயற்கை இழைத் தட்டு பயன்படுகிறது. மடிப்புகளால் சிறு இடத்தில் பெரும் பரப்பு கிடைக்கிறது. தட்டின் விளிம்பைச் சுற்றி மென்மையான ரப்பர் போன்ற பட்டை உண்டு. பழைய கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் வடிகட்டி வட்ட வடிவில் பொறியின் மேலேயே இருந்தது. உழவு இயந்திரங்களில் எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டியை இன்றும் காணலாம்.

மாற்றும் காலம்

ஊர்தியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள கி.மீ. அளவையே பின்பற்ற வேண்டும். தூசி மிகுந்த இடங்களுக்குக் கையேடுகள் தனியே குறுகிய அளவைத் தருகின்றன. இப்பகுதிக்கு அதுவே பொருந்தும்.

அடைபட்ட வடிகட்டியை மாற்றினால் மைலேஜ் கூடும் என்ற பரவலான நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருளைத் தெளிக்கும் கார்களில் குறிப்பிடத்தக்க எரிபொருள் சேமிப்பு காணப்படவில்லை. வேகமெடுக்கும் திறனே குறைந்திருந்தது. எனவே வடிகட்டியை மாற்றுவது பெட்ரோல் மிச்சத்துக்காக அன்று, பொறியின் ஆயுளுக்காக என்று கொள்வதே சரி.

மாற்றும் முறை

பொறியை நிறுத்திச் சூடு ஆறிய பின் முன்மூடியைத் திறக்க வேண்டும். தடித்த கருங்குழாய் வந்து சேரும் பிளாஸ்டிக் பெட்டியே வடிகட்டிப் பெட்டி. அதன் கிளிப்புகளை விடுவித்து, அல்லது திருகுகளைக் கழற்றி, மேல்மூடியைச் சற்றே தூக்கினால் போதும். பல கார்களில் மூடியை ஒட்டியோ குழாயிலோ காற்றை அளக்கும் உணரி இருக்கும். அதன் கம்பிகளை இழுத்துவிடக் கூடாது.

பழைய தட்டை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் அடிப்பகுதியில் சருகு, மணல், சில வேளைகளில் எலி சேர்த்த பஞ்சு கூடக் கிடக்கும். பொறிக்குச் செல்லும் குழாயின் வாயைத் துணியால் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்து, பின் அடைத்த துணியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். புதிய தட்டின் அளவு பழையதை ஒத்திருக்கிறதா என்று பார்த்து, விளிம்புப் பட்டை பள்ளத்தில் சுற்றிலும் படியுமாறு வைத்து மூட வேண்டும்.

இவ்வேலையில் முதன்மையானது இந்தப் படிமானமே. விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று அவ்வழியே வடிகட்டப்படாமல் நுழையும். நன்கு பொருந்திய அழுக்கு வடிகட்டி, கோணலாக வைத்த புது வடிகட்டியை விடப் பொறிக்கு நல்லது.

பஞ்சர் கடைக் காற்றைப் பீய்ச்சி அடிக்கடி தூய்மைப்படுத்துவதும் ஏற்றதன்று. மிகுந்த அழுத்தம் காகிதத்தைக் கிழித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கிழிசலே போதும். மேலும், ஓரளவு தூசி படிந்த காகிதம் புதியதை விட நுண்ணிய துகள்களைத் தடுக்கிறது. கையேடு அனுமதித்தால் மட்டும் மெல்லிய காற்றைத் தூய பக்கத்திலிருந்து வெளிநோக்கிச் செலுத்தலாம். காகித வடிகட்டியை நீரில் கழுவக் கூடாது.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போன்ற வெள்ளத்தில் கார் மூழ்கியிருந்தால், முதலில் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் பொறியை இயக்காமல் மெக்கானிக்கை அழைப்பது நல்லது. உருளைக்குள் நீர் இருக்கும்போது இயக்கினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

கேபின் வடிகட்டி

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகளைக் கடக்கும்போது வரும் நாற்றத்துக்கும் பொறியின் காற்று வடிகட்டிக்கும் தொடர்பில்லை. பயணிகள் பகுதிக்குச் செல்லும் காற்றைச் சலிப்பது கேபின் வடிகட்டி என்னும் வேறொரு தட்டு. இது பொதுவாக முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பொருட்பெட்டியின் பின்னால் இருக்கும். சாதாரணத் தட்டு தூசியை மட்டுமே தடுக்கும். கிளர்வூட்டிய கரி சேர்ந்த தட்டு நாற்றத்தை ஓரளவு குறைக்கும்.