இறந்து 700 ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படும் மன்னர்: முதலாம் ஜௌமே யார்?

பார்சலோனாவின் பழைய நகரப் பகுதியில் மெட்ரோ எடுத்தால், 'முதலாம் ஜௌமே' என்று ஒரு நிலையம் வரும். வெலன்சியா வட்டாரத்தில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கு. ஆங்கிலத்தில் இவரை ஜேம்ஸ் என்பார்கள்.

சரி, யார் இவர்?

1208இல் மொன்பெலியே நகரில் பிறந்தவர். ஐந்து வயதில், அரகோனையும் கட்டலோனியாவையும் சேர்த்து ஆண்ட அப்பா போரில் கொல்லப்பட்டார். கொன்ற படையின் தலைவரிடம்தான் அப்போது சிறுவன் ஜௌமே இருந்தார்! பிறகு மீட்கப்பட்டு, 1276இல் இறக்கும்வரை ஆட்சி செய்தார். முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து 1229இல் மயோர்காவையும் 1238இல் வெலன்சியாவையும் பிடித்ததால் 'வெற்றிவீரர்' என்று பெயர்.

அப்போ கட்டலோனியாவின் தேசிய நாள் இவரைப் பற்றியதா?

இல்லை. செப்டம்பர் 11 அவர்களுக்கு ஒரு தோல்வியின் நினைவு. 1714இல் பார்சலோனா வீழ்ந்த நாள். ஜௌமேயைக் கொண்டாடுவது வெலன்சியாதான். அவர் நகருக்குள் நுழைந்த அக்டோபர் 9 அங்கே பொது விடுமுறை. மயோர்காவின் தலைநகர் வீழ்ந்தது டிசம்பர் 31. புத்தாண்டுக்கு முந்தைய அந்த நாளில் அங்கே விழா எடுக்கிறார்கள்.

மொழி எப்படிப் பரவியது?

குடியேறிகளோடு கட்டலான் மொழியும் இரண்டு இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனா வெலன்சியாவை ஜௌமே கட்டலோனியாவோடு இணைக்கவில்லை. தனிச் சட்டங்களோடு தனி ராஜ்யமாக்கினார். இன்றைய சர்ச்சைக்கு அதுவும் ஒரு வேர். "நாங்க பேசுறது கட்டலான் இல்லை, வெலன்சியன்" என்று பலர் சொல்வார்கள். இரண்டும் ஒரே மொழி என்று வெலன்சிய மொழிக் கழகமே 2005இல் அறிவித்தது. வாக்குவாதம் ஓயவில்லை.

1258இல் பிரெஞ்சு மன்னரோடு செய்த ஒப்பந்தமும் முக்கியம். கட்டலோனியாமீதான உரிமையைப் பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு வடக்கே தன் முன்னோர் உரிமை கோரிய நிலங்களில் பெரும்பகுதியை ஜௌமே கைவிட்டார்.

அவரே சொன்ன கதை

தன் வாழ்க்கையை அவரே கட்டலான் மொழியில் சொல்லி எழுதவைத்தார். அந்தக் காலத்தில் ஒரு மன்னர் லத்தீனை விட்டுவிட்டு மக்கள் மொழியில் தன் கதையைச் சொல்வது அபூர்வம். அதில் எனக்குப் பிடித்த இடம்: அவர் கூடாரத்தில் ஒரு தகைவிலான் குருவி கூடு கட்டிவிடும். "நம்மை நம்பி வந்தது, குஞ்சுகளோடு பறக்கும்வரை கூடாரத்தைப் பிரிக்காதீங்க" என்று உத்தரவிடுவார்.

அதே மனிதரின் படைதான் மயோர்காவின் தலைநகரில் மக்களைக் கொன்று குவித்தது. தப்பியவர்களில் பலர் அடிமைகளானார்கள். வெலன்சியா நகரம் சரணடைந்ததால் அங்கிருந்த முஸ்லிம்கள் கையில் எடுத்த பொருளோடு வெளியேற முடிந்தது. கிராமப்புறங்களில் நிறைய பேர் தங்கினார்கள். அவர்களின் சந்ததியினர் 16ஆம் நூற்றாண்டில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு, 1609இல் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள்.