கள்ளத்தொண்டை என்று சிரித்தார்கள்

எனக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. வங்கியில் இருந்தவரை ரேடியோவில் கேட்டதோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு யூடியூபில் மேல்நாட்டுப் பழைய இசையைத் தேடிக் கேட்டதில், ஒருவருடைய வாழ்க்கை மனதில் தங்கிவிட்டது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் பெயர் ஆல்ஃபிரட் டெல்லர். 1912-ல் இங்கிலாந்தின் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். மகரக்கட்டு உடைந்த பிறகும் உச்ச ஸ்தாயியிலேயே பாடுவதை அவர் விடவில்லை. நாம் 'கள்ளத்தொண்டை' என்று குறைத்துச் சொல்வோமே, அதைத்தான் அவர் தன் சொந்தக் குரலாக ஆக்கிக்கொண்டார். வயிற்றுப்பாட்டுக்கு மேஜை நாற்காலி விற்கும் கடையில் வேலை பார்த்தார்.

பர்செல் (1659–1695) காலத்தில் இந்த ஆண் உச்சக்குரலுக்கென்றே பாடல்கள் எழுதப்பட்டன. அந்தக் குரலுக்குக் 'கவுண்டர்டெனர்' என்று பெயர். பிற்பாடு அது மேடையிலிருந்து மறைந்து, இங்கிலாந்தின் பேராலயப் பாடகர் குழுக்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தனியாக நின்று அப்படிப் பாடினால், ஆண்பிள்ளை பெண்குரலில் பாடுகிறான் என்று சிரிப்பவர்களே அதிகம்.

1940-ல் டெல்லர் கான்டர்பரி பேராலயக் குழுவில் சேர்ந்தார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராததால், போர்க்காலத்தில் பண்ணை வேலையும் பார்த்தார். அங்கே அவர் பாடியதைக் கேட்டார் இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட். பர்செலுக்கு வேண்டிய குரல் இதுதான் என்று புரிந்துகொண்டு, அவரை லண்டன் மேடைக்கு அழைத்து வந்தார். 1946 செப்டம்பர் 29-ல் பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசை தொடங்கிய நாளில், பர்செல் 1694-ல் ராணி மேரியின் பிறந்தநாளுக்காக எழுதிய இசையில் டெல்லரும் பாடினார். நாடு முழுவதும் அந்தக் குரலைக் கேட்டது.

அதற்குப் பிறகும் வழி சுலபமாக இல்லை. பெஞ்சமின் பிரிட்டன் தன் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஆபெராவில் ஓபரான் என்ற தேவதை ராஜாவின் பாத்திரத்தை டெல்லரை மனதில் வைத்தே எழுதினார். 1960-ல் ஆல்ட்பரோவில் அரங்கேற்றம். டெல்லருக்கோ நாடக மேடை பழக்கமில்லை. அவர் நடிப்பைப் பத்திரிகைகள் குறை சொல்லின. மறு ஆண்டு கோவென்ட் கார்டன் அரங்கில் அந்த வேடம் ரஸ்ஸல் ஓபர்லின் என்ற அமெரிக்கருக்குப் போயிற்று. தனக்கென்றே எழுதிய வேடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் பிரிட்டன் அவரைக் கைவிடவில்லை. 1966-ல் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தபோது ஓபரான் டெல்லரேதான்.

டெல்லரும் ஒதுங்கிவிடவில்லை. தன் பெயரில் அமைத்த குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். லூட் வாத்தியத்தோடு டௌலண்டின் பாடல்களைப் பதிவு செய்தார். கென்ட் மாவட்டத்தில் ஸ்டூர் இசை விழாவைத் தொடங்கினார். 1979-ல் இத்தாலியின் பொலோன்யாவில் காலமானார். அவர் மகன் மார்க்கும் அதே குரலில் பாடியவர்தான். தந்தைக்குப் பின் விழாவை நடத்தியவரும் அவரே.

இன்று உலகெங்கும் கவுண்டர்டெனர் பாடகர்கள் இருக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்பையெல்லாம் டெல்லர் ஒருவரே முன்கூட்டி வாங்கிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நாள் மாலை, டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் பாடிய பர்செலைக் கேட்டுப் பாருங்கள். முதல் நிமிடம் விநோதமாக இருக்கும். தயவுசெய்து இரண்டாவது நிமிடமும் கேளுங்கள். நம் மாடிப்படியில் வித்தியாசமான குரலில் பாடிக்கொண்டே இறங்கும் பிள்ளைகளைக் கேலி செய்யுமுன்பும் அந்த இரண்டாவது நிமிடத்தைக் கொடுத்தால் நல்லது.